ஜெனோவா: கடலும் கடனும்

இத்தாலியின் பழைய துறைமுகத்தில், மார்க்கோ போலோ நம் கடற்கரையின் கதையைச் சொன்ன கட்டடத்திலிருந்து

ஜெனோவாவில் சமநிலம் என்று ஒன்று கிடையாது. மிலானிலிருந்து வரும் ரயில் அப்பென்னின் மலைச் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து வெளிவருகிறது. கடைசிச் சுரங்கம் முடிந்ததும் ஊர். ஊர் முடிந்ததும் கடல். மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே பாய் விரிக்கிற அளவுக்குத்தான் இடம். அதில் கட்டடங்கள் ஒன்றின் தோள்மீது ஒன்று ஏறி நிற்கின்றன. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி இருக்கும் உயரத்தில் அடுத்த தெருவின் வாசற்படி இருக்கிறது. நகரப் போக்குவரத்துக் கழகம் பஸ்களோடு லிஃப்ட்டுகளையும் இழுவை ரயில்களையும் ஓட்டுகிறது. 1909இல் திறந்த காஸ்டெலெட்டோ லிஃப்ட்டில் வேலைக்குப் போகிறவர்களும் காய்கறிப் பையோடு வரும் பாட்டிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்று மேலே போகிறார்கள்.

மேலே இறங்கிப் பார்த்தால் நகரத்தின் ஜாதகமே விரிகிறது. காலடியில் சாம்பல் நிறக் கற்பலகை வேய்ந்த கூரைகள். அவற்றுக்கு அப்பால் கிரேன்கள், கப்பல்கள். வலது பக்கம், தொலைவில், 77 மீட்டர் உயரமுள்ள லான்டர்னா கலங்கரை விளக்கம். இப்போதுள்ள கோபுரம் 1543இல் கட்டியது. அதற்கு முன்பும் அங்கே ஒரு விளக்கு எரிந்தது. 1449இல் அந்த விளக்கைக் காத்தவர் பெயர் அன்டோனியோ கொலம்போ. இன்னும் இரண்டு ஆண்டுகளில் பிறக்கவிருந்த கிறிஸ்டோஃபர் கொலம்பஸின் தந்தையுடன் பிறந்தவர் அவர்.

இந்த மண்ணில் கோதுமை விளையாது. மாடு மேய இடமில்லை. ஆலிவும் திராட்சையும் படிக்கட்டு வயல்களில் கொஞ்சம் வரும். ஆனால் மலை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குவதால் கரையருகிலேயே ஆழம். ஜெனோவாவுக்கு இயற்கை கொடுத்த சீதனம் இந்த ஆழம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு அந்த ஊர் மத்தியதரைக் கடலின் பாதியை வளைத்தது. கருங்கடலில் காஃபா துறைமுகம், கான்ஸ்டான்டிநோபிளின் எதிர்க்கரையில் கலாட்டா, கியோஸ் தீவு, கார்சிகா தீவு என்று கிளைக்கடை போட்டது. வெனிஸும் இதையேதான் செய்தது. ஆனால் வெனிஸ் தன்னை அலங்கரித்துக்கொண்டு உலகத்தின் முன் நின்றது. ஜெனோவா கல்லாப்பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் இன்றும் வெனிஸுக்குத்தான் குவிகிறார்கள். ஜெனோவாக்காரர்கள் அதற்காக வருத்தப்படுவதாகத் தெரியவில்லை.

பழைய துறைமுகத்தின் எதிரில், முகப்பு முழுக்கச் சித்திரம் தீட்டிய ஒரு மாளிகை இருக்கிறது. பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோ. அதன் பழைய பகுதி 1260இல், மக்கள் தலைவராக இருந்த குக்லியெல்மோ பொக்கனேக்ரா கட்டியது. கான்ஸ்டான்டிநோபிளில் வெனிஸ்காரர்களுக்குச் சொந்தமான கட்டடத்தை இடித்து, அந்தக் கற்களைக் கப்பலில் ஏற்றி வந்து இதில் பதித்தார்கள். வெனிஸின் சின்னமான சிங்கத்தின் தலை ஜெனோவாவின் வாசலில் அலங்காரமாயிற்று. எதிரியை ஜெயித்தால் மட்டும் போதாது, தினமும் வேலைக்குப் போகும்போது அவன் முகத்தைப் பார்க்கவும் வேண்டும் என்கிற மனோபாவம்! பீசா நகரத்துத் துறைமுகத்தை 1290இல் அழித்தபோது அதன் வாயிலை அடைத்திருந்த இரும்புச் சங்கிலியையும் தூக்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி நகர வாயில்களில் தொங்கவிட்டார்கள். இத்தாலி ஒரே நாடாகிக்கொண்டிருந்த 1860இல்தான் அது பீசாவுக்குத் திரும்பியது.

ஒரு தமிழ் வாசகர் இந்த மாளிகையின் முன் சற்று அதிக நேரம் நிற்கக் காரணம் உண்டு. 1298இல் கர்சோலா தீவருகே நடந்த கடற்போரில் ஜெனோவாவின் லாம்பா தோரியா வெனிஸின் கப்பற்படையை நொறுக்கினார். அந்தப் போரில்தான் என்று சிலரும், வேறொரு மோதலில் என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படியோ, மார்க்கோ போலோ என்ற வெனிஸ் வணிகர் ஜெனோவாவில் கைதியானார். அவரோடு சிறையில் இருந்தவர் ருஸ்டிகெல்லோ, பீசாக்காரர், வீரக் கதைகள் எழுதிப் பழகியவர். அவர்கள் அடைபட்டிருந்தது இந்த மாளிகையில்தான் என்பது ஊர் மரபு. ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினார். எழுதிய மொழி, அன்று இத்தாலியில் கதை சொல்லப் பயன்பட்ட, இத்தாலியச் சாயல் ஏறிய பிரெஞ்சு. வெனிஸ்காரர் வாய், பீசாக்காரர் பேனா, பிரெஞ்சு மொழி, ஜெனோவா சிறை. மொழிபெயர்ப்பை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிற எனக்கு, உலகத்தின் மிகப் பிரபலமான பயண நூல் பிறக்கும்போதே ஒருவிதத்தில் மொழிபெயர்ப்பாகப் பிறந்தது என்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.

அந்தச் சிறையில் சொன்ன கதையில் நாம் இருக்கிறோம். மாபார் என்று அவர் சொன்னது சோழமண்டலக் கரையோடு சேர்ந்த பாண்டிய நாட்டை. சுந்தர பாண்டிய தேவர் என்ற பெயரைக் காதில் விழுந்தபடி ‘சொந்தெர் பாந்தி தாவார்’ என்று சொல்லியிருக்கிறார். முத்துக்குளிக்கும் பருவம், சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கும் பங்கு, காயல் துறைமுகத்தில் வந்து இறங்கும் அரபுக் குதிரைகள், வைத்தியம் தெரியாத கைகளில் அவை ஆண்டுதோறும் செத்து மடிவது, எந்நேரமும் வெற்றிலை மெல்லும் வாய்கள் எல்லாம் வருகின்றன. வெற்றிலைக்கு அவர் தந்த பெயர் ‘தெம்புல்’, நம்முடைய தாம்பூலம்தான். இந்த நாட்டில் தையற்காரருக்கு வேலையே இல்லை, யாரும் சட்டை போடுவதில்லை என்கிறார். அரசனும் இடுப்புத் துணியோடுதான் இருக்கிறான். ஆனால் அவன் மேனியில் கிடக்கும் மணிகளின் விலைக்கு ஒரு நகரத்தையே வாங்கலாம்.

எல்லாவற்றையும்விட ஜெனோவாவில் வைத்து நினைத்துப் பார்க்க வேண்டியது அவர் சொல்லும் ஒரு வழக்கம். கடன் கொடுத்தவர் பலமுறை கேட்டும் வாங்கியவர் இழுத்தடித்தால், கொடுத்தவர் அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடுவார். கடனைத் தீர்க்காமல், அல்லது ஈடு சொல்லாமல், அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தண்டனை. அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் இப்படிக் குதிரையோடு வளைத்துக் கோடு போட்டதையும், பணம் வரும்வரை அரசன் அசையாமல் நின்றதையும் தாம் பார்த்ததாகச் சொல்கிறார். ஜெனோவாவின் சிறை அதிகாரி யாராவது இதை ஒட்டுக்கேட்டிருந்தால் நிச்சயம் குறித்து வைத்திருப்பார்.

ஏனென்றால் அதே கட்டடத்தில்தான் பிற்பாடு அந்த ஊர் தன் வட்டங்களைப் போட்டது. 1407இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி 15ஆம் நூற்றாண்டில் இங்கே குடிபுகுந்தது. குடியரசுக்குக் கடன் கொடுத்தவர்களின் சங்கம் அது. அரசாங்கத்தால் திருப்பித் தர முடியவில்லை. ஆகவே வரி வசூலிக்கும் உரிமையை வங்கிக்குக் கொடுத்தது. பிறகு கார்சிகா தீவையே கொடுத்தது; காஃபா துறைமுகத்தையும் கொடுத்தது. வங்கி தேசங்களை ஆண்டது; குடியரசு அதன் பக்கத்து வீட்டுக் கடனாளியாக இருந்தது. ஒரே நகரத்துக்குள் இரண்டு அரசுகள் என்று மாக்கியவெல்லி இதைக் கண்டு வியந்தார். 1557இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் ஃபிலிப் திவாலான பின் ஜெர்மனியின் ஃபுக்கர் குடும்பம் ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தில் ஜெனோவா வங்கியாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த எழுபது ஆண்டுகள் அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளி செவில்லில் இறங்கி, நிற்காமல் அவர்கள் கணக்கேட்டுக்குப் போயிற்று. வட்டத்துக்குள் நின்றது உலகத்தின் மிகப் பெரிய அரசர்.

மாளிகையின் பெரிய கூடத்தில் வங்கிக்குக் கொடை தந்தவர்களின் சிலைகள் இருக்கின்றன. சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், சிலர் நிற்கிறார்கள். நிறையக் கொடுத்தவருக்குத்தான் நாற்காலி. அதற்குக் குறைந்தவர் நிற்க வேண்டும். இன்னும் குறைந்தால் மார்பளவோடு சரி. தெய்வ சந்நிதியில்கூட டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

நெசவாளி மகன் கொலம்பஸும் இந்த வங்கியைத்தான் நம்பினார். 1502இல், நான்காவது பயணத்துக்குப் புறப்படுமுன், தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வங்கிக்குத் தரச் செய்வதாகவும், அதைக் கொண்டு ஊரில் கோதுமை, மது, உணவுப் பொருள்கள் மீதான வரியைக் குறைக்கும்படியும் எழுதினார். ஊரைவிட்டு ஓடியவர் கடல் கடந்து எழுதும் கடிதங்களின் தொனி அதில் இருக்கிறது. போர்த்தா சொப்ரானா வாயிலருகே ‘கொலம்பஸ் வீடு’ என்று காட்டுவது உண்மையில் பிற்காலத்தில் திரும்பக் கட்டியது. 1684இல் பிரெஞ்சுக் கப்பல்கள் நகரத்தைக் குண்டுவீசித் தகர்த்தபோது பழைய வீடு போய்விட்டது. அவர் கையெழுத்திட்ட கடிதங்கள் நகராட்சியின் பாதுகாப்பில் இருக்கின்றன. அவரைவிட அவர் எழுதிய தாளுக்கு இந்த ஊரில் மதிப்பு. அது இந்த ஊரின் இயல்புக்குச் சரியாகவும் இருக்கிறது.

சம்பாதித்த பணம் எங்கே போயிற்று என்று கேட்டால் ஸ்ட்ராடா நுவோவாவுக்குப் போக வேண்டும். இப்போது கரிபால்டி தெரு. 1550இல் சில குடும்பங்கள் சேர்ந்து மலைச்சரிவில் புதிதாகப் போட்ட தெரு. கால் கிலோமீட்டர்தான் நீளம். இரண்டு பக்கமும் மாளிகைகள். தெரு குறுகலானதால் எந்த மாளிகையையும் முழுதாகப் பார்க்க முடியாது. கழுத்து வலிப்பதுதான் மிச்சம். உள்ளே போனால்தான் விஷயம் தெரிகிறது. முற்றம், அதற்கு மேல் படிக்கட்டு, அதற்கு மேல் இன்னொரு முற்றம், அதற்கும் மேலே மலையை வெட்டி அமைத்த தோட்டம். இடமில்லாத குறையையே கட்டடக் கலைஞர்கள் அழகாக்கிவிட்டார்கள்.

குடியரசுக்கென்று அரச விருந்தினரைத் தங்கவைக்க அரண்மனை இல்லை. கட்டுவது வீண்செலவு என்று பட்டிருக்க வேண்டும். 1576இல் ஒரு சட்டம் போட்டார்கள்: தனியார் மாளிகைகளைத் தரம்பிரித்துப் பட்டியல் தயாரிப்பது, மன்னரோ கர்தினாலோ தூதரோ வந்தால், அந்தத் தகுதிக்குரிய மாளிகைகளில் ஒன்றைக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுப்பது, பெயர் விழுந்தவர் தம் செலவில் விருந்து வைப்பது. பட்டியலுக்கு ரோல்லி என்று பெயர். பட்டியலில் இடம்பெறுவது கௌரவம், குலுக்கலில் விழுவது தலைவலி! அந்த மாளிகைகளில் 42ஐ யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இளம் வயதில் இங்கே வந்து போன ஓவியர் ரூபென்ஸ், இவற்றின் வரைபடங்களைத் திரட்டி 1622இல் ஆன்ட்வெர்ப்பில் புத்தகமாகவே போட்டார். தம் ஊர்க்காரர்கள் இப்படி வீடு கட்டட்டும் என்ற ஆசை.

அவருக்குப் பின் வந்த வான் டைக், 1621 முதல் சில ஆண்டுகள் இங்கே இருந்து இந்தக் குடும்பங்களை வரைந்தார். கறுப்பு உடை, வெளிறிய முகம், நீண்ட விரல்கள். வட்டி வாங்கிப் பிழைத்தவர்களை அரச வம்சமாக்கிக் காட்டினார். பலாஸ்ஸோ ரோஸ்ஸோவில் பிரின்யோலே-சாலே தம்பதியின் படங்கள் இன்னும் அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கின்றன. மற்ற பல, குடும்பங்கள் நொடித்தபோது கடல் கடந்துவிட்டன. எலெனா கிரிமால்டி சீமாட்டியின் புகழ்பெற்ற படம் வாஷிங்டனில் இருக்கிறது. அவள் தலைக்குப் பின்னே சிவப்புக் குடை பிடித்து நிற்கும் ஆப்பிரிக்கப் பையனின் பெயரை எந்தக் கணக்கேடும் சொல்லவில்லை. இந்த நகரம் எல்லாச் சரக்கிலும் வியாபாரம் செய்தது, மனிதர்கள் உட்பட.

கரிபால்டி தெருவிலிருந்து இரண்டு நிமிடம் கீழே இறங்கினால் வெயில் நின்றுவிடுகிறது. கரூஜ்ஜி என்று அவர்கள் சொல்லும் சந்துகள். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ஏழு மாடி உயரத்தில் ஒரு நாடா அளவு வானம். மூலைக்கு மூலை, நம் தெருமுனைப் பிள்ளையார் போல, மாடத்தில் மாதா. துணி உலர்கிறது, யாரோ ஸ்பானிய மொழியில் சண்டை போடுகிறார்கள், கருவாட்டு வாசனை வருகிறது. பகலிலேயே பாலியல் தொழிலாளர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் பள்ளிக் குழந்தைகள் போகிறார்கள். 1999இல் மறைந்த பாடகர் ஃபப்ரிட்சியோ தெ ஆந்த்ரே இந்தத் தெருக்களைத்தான் பாடினார். 1984இல் ஒரு முழு ஆல்பத்தையே இத்தாலியன் விட்டு ஜெனோவா பேச்சுமொழியில் தந்தார்.

சந்துகளின் நடுவே, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைபோட்ட சான் லொரென்ஸோ பேராலயம். உள்ளே நுழைந்ததும் ஒரு பீரங்கிக் குண்டு நிற்கிறது. 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கப்பல் சுட்ட குண்டு கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. பொக்கிஷ அறையில் இன்னொரு கதை: 1101இல் சிசேரியாவைக் கொள்ளையடித்தபோது கிடைத்த பச்சைத் தட்டு. இயேசுவின் கடைசி விருந்தில் இருந்தது, ஒரே மரகதத்தில் குடைந்தது என்று எழுநூறு ஆண்டுகள் நம்பினார்கள். நெப்போலியன் அதைப் பாரிஸுக்கு எடுத்துப்போனான். 1816இல் திரும்பி வரும்போது உடைந்திருந்தது. கண்ணாடி! ஊர் அதைத் தூக்கியெறியவில்லை. ஒட்டி, பெட்டியில் வைத்து, இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது.

சைவ உணவுக்காரர்களுக்கு இத்தாலியில் இதைவிட நல்ல ஊர் அமையாது. துறைமுகத்தை ஒட்டிய சொத்தோரீப்பா வளைவுகளின் கீழ் ஃபரினாத்தா சுடுகிறார்கள். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவே. அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் வேகவைத்தால், ஓரம் மொறுமொறுவென்று, நடுவே இளகலாக, நம் அடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. துளசிக் குடும்பத்துக் கீரையைப் பூண்டு, பைன் பருப்பு, பாலாடைக்கட்டி சேர்த்துச் சலவைக்கல் உரலில் இடிக்கும் பெஸ்தோ இன்னொன்று. கிழக்கத்திய மிளகை ஐரோப்பாவுக்கு விற்றுக் கொழுத்த ஊரின் புகழ்பெற்ற பதார்த்தத்தில் மிளகே இல்லை. விற்கிற சரக்கைத் தின்னக் கூடாது என்பது வியாபாரியின் பாலபாடம்.

மார்க்கோ போலோ பார்த்த காயல் இன்று தூத்துக்குடிக்குத் தெற்கே பழையகாயல் என்ற சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண் கடலைத் தள்ளிக்கொண்டுபோய்விட்டது. குதிரைக் கப்பல் நின்ற பக்கங்களில் உப்பளங்கள். பீசாவின் துறைமுகமும் இப்படித்தான் மண்மூடிப் போயிற்று. ஜெனோவாவில் மண் சேரவில்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது துறைமுகம்தான். இத்தாலியின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. ஆனால் வேறுவிதமாகக் கடல் அந்த ஊரைவிட்டு விலகியிருக்கிறது. கன்டெய்னர்கள் மேற்கே பிராவில் இறங்குகின்றன. அங்கே ஆயிரம் தொழிலாளிகளின் வேலையைச் சில கிரேன்கள் செய்கின்றன. பழைய துறைமுகத்துக்கும் ஊருக்கும் நடுவே 1965இல் ஒரு மேம்பாலச் சாலை போட்டார்கள். பலாஸ்ஸோ சான் ஜோர்ஜோவின் மூக்குக்கு முன்னால் அது ஓடுகிறது. கொலம்பஸ் பயணத்தின் ஐந்நூறாவது ஆண்டான 1992இல், இந்த ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ கைவிடப்பட்ட துறைகளைச் சீரமைத்து, மீன் காட்சியகமும் நடைவெளியும் அமைத்தார். மக்கள் மீண்டும் தண்ணீரைத் தொட முடிந்தது. காரியம் நல்லதுதான், ஆனால் சுமைதூக்குபவர்கள் நின்ற இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறது.

1971 கணக்கெடுப்பில் எட்டு லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இப்போது ஆறு லட்சத்துக்கும் கீழே. இத்தாலியின் முதிய நகரங்களில் ஒன்று. ஆட்கள் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இத்தாலியின் ஏழைகள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிய துறை இது. புவெனோஸ் ஐரெஸின் லா போக்கா துறைமுகப் பேட்டையை உருவாக்கியவர்களே ஜெனோவாக்காரர்கள்தான். அங்குள்ள போக்கா ஜூனியர்ஸ் கால்பந்து ரசிகர்களுக்கு இன்றும் ‘ஜெனோவாக்காரர்கள்’ என்றுதான் பட்டப்பெயர், அதுவும் ஜெனோவா பேச்சுமொழியில். இப்போது காற்று திரும்பி வீசுகிறது. சந்துகளில் நான் கேட்ட ஸ்பானிய மொழி ஈக்வடார்க்காரர்களுடையது. வீட்டில் முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டுகிறவர்களில் பலர் அந்தப் பெண்கள்.

2018 ஆகஸ்ட் 14, காலை 11:36. கொட்டுகிற மழையில், நகரத்தின் மேற்குப் பகுதியில் பொல்செவேரா ஆற்றின் மீதிருந்த மொராந்தி பாலத்தின் ஒரு பகுதி வாகனங்களோடு சரிந்தது. 43 பேர் இறந்தார்கள். 1967இல் திறந்தபோது பொறியியல் அற்புதம் என்று கொண்டாடப்பட்ட பாலம். கான்கிரீட்டுக்குள் பொதிந்த எஃகு வடங்கள் கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடித்துவந்தன. நெடுஞ்சாலைச் சுங்கம் தவறாமல் வசூலானது. பாலத்தைப் பராமரிக்கும் கணக்கு மட்டும் எப்படித் தவறியது என்று ஊர் கேட்டது. கணக்கில் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த ஊர் இதைக் கேட்க நேர்ந்ததுதான் வேதனை. ரென்ஸோ பியானோ வரைந்த புதிய பாலம், 1,067 மீட்டர் நீளம், 2020 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்டது. அதன் பெயரும் சான் ஜோர்ஜோதான். அடியில் 43 மரங்கள் நட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை.

ஊரின் வடக்கே ஸ்தாலியேனோ என்றொரு கல்லறைத் தோட்டம், 1851இல் திறந்தது. கப்பல் முதலாளிகளும் வங்கியாளர்களும் சலவைக்கல்லில் விதவிதமாகத் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள். அழும் மனைவிமார், தாங்கிப்பிடிக்கும் தேவதைகள். பாதி நாடகம். அந்தப் பணக்கார வரிசையின் நடுவே ஒரு கிழவி நிற்கிறாள். பெயர் கத்தரீனா கம்போதோனிக்கோ. திருவிழாச் சந்தைகளில் பருப்புமாலையும் வளைய ரொட்டியும் விற்றவள். குடிகாரப் புருஷனை விட்டு விலகித் தனியே பிழைத்தவள். வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய், ஊர்ப் பெரியமனிதர்களுக்குச் சிலை செதுக்கிய லொரென்ஸோ ஒரெங்கோவிடம் கொடுத்து, 1881இல், உயிரோடு இருக்கும்போதே தன் சிலையைச் செய்துகொண்டாள். கொசுவம் வைத்த பாவாடை, சரிகை ஓரமிட்ட சால்வை, கையில் கோத்த பருப்புமாலைகள், வளைய ரொட்டிகள். பூவேலையின் ஒவ்வொரு இழையையும் ஒரெங்கோ செதுக்கியிருக்கிறார். கொடுத்த காசுக்குக் குறைவைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் இறந்தாள். நான் போன அன்று யாரோ அவள் காலடியில் புதிய பூ வைத்திருந்தார்கள்.